ஆடிப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள்: இணையம் பற்றி உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்

குகைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. சேலத்தில் எங்கள் தெருவில், ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டிகளில் வரும் ஊர்வலம்) முந்தின நாள் ஒரு பட்டிமன்றம் வைப்பார்கள். இந்த வருஷத் தலைப்பு, இணையத்தால் சமூகத்துக்கு அதிகம் விளைந்தது நன்மையா தீமையா. நடுவர் நான். தகுதி என்று பெரிதாக ஒன்றுமில்லை, தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

பேசப்போகும் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துப் பார்த்தேன். ஒரு அணி 'உலகமே உள்ளங்கையில்' என்று ஆரம்பிக்கிறது. இன்னொரு அணி 'கத்தியால் பழமும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம்' என்கிறது. இதே கத்தியைத் தொலைக்காட்சிக்கும் தூக்கினார்கள், அதற்கு முன்னால் சினிமாவுக்கும் தூக்கினார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 2001இல் நாலு ரோடு பக்கம் பிரௌசிங் சென்டர் போட்டேன். ஆறு கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். மோடம் கீச்சிட்டு லைன் பிடிப்பதற்குள் வந்தவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் போட்டு மாசம் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் அதன்பிறகு என் கடைப் படியே ஏறவில்லை. இப்போது அதே கடையில் பட்டா, வில்லங்கம், பான் கார்டு, பரீட்சை விண்ணப்பம் என்று ஆன்லைன் வேலை செய்து கொடுத்துப் பிழைக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். வரமா சாபமா என்று எழுத வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில், நம் சேலத்தில் நடந்தது என்ன, அதை மட்டும் எழுதுங்கள்.

---

வெள்ளிக்கம்பி

நல்லது அண்ணா. நான் பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து கூலி வேலைதான். வியாபாரி வெள்ளிக்கட்டியைத் தருவார், நாம் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுப்போம், சேதாரம் போகக் கூலி. காலையில் வெள்ளி என்ன விலை என்று தெரிய வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டைக்குப் போன் போட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. இப்போது பற்றவைக்க உட்கார்ந்திருக்கும் பையன்கூட ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு 'அண்ணா, கிலோவுக்கு ஆயிரம் இறங்கிடுச்சு' என்கிறான். கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு இது சின்ன விஷயம் இல்லை.

ஆர்டரும் வாட்ஸ்அப்பில்தான். வட இந்திய வியாபாரிகள் முன்பு நேரில் வந்து ரூம் போட்டு மாடல் பார்த்து எடுப்பார்கள். இப்போது படம் அனுப்பினால் போதும். இது நன்மைக் கணக்கு.

இனி அடுத்த பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொலுசு மாடல் போட்டேன். முத்துக்கு நடுவே சின்னதாக ஒரு மாவிலை, இலையின் நரம்புகூடத் தெரியும். அந்த இலையைச் சரியாகக் கொண்டுவர மட்டும் எனக்குப் பதினேழு நாள் ஆனது. ஒரு வியாபாரிக்குப் படம் அனுப்பினேன். 'பார்த்துச் சொல்கிறேன்' என்றார். மூன்று வாரம் கழித்து அதே இலை வேறு மாநிலத்துப் பட்டறையில் மிஷினில் அடித்து வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்னொரு வியாபாரி அந்தப் படத்தை எனக்கே அனுப்பி 'இந்த மாடல் போடுவீங்களா, கூலி இவ்வளவுதான்' என்று கேட்டார்.

படத்தை உற்றுப் பார்த்தேன். இலையின் நரம்பு மட்டும் அவர்களுக்கு வரவில்லை. அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

---

மேசையோரம்

நான் ஐடி. 2020இல் பெங்களூரிலிருந்து சூரமங்கலத்துக்கு வீட்டோடு திரும்பி வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் நான்தான் அழைத்துப் போகிறேன். இணையம் இல்லையென்றால் இது நடக்குமா? ஒன்று அம்மா தனியாக அலைந்திருப்பார், இல்லை நான் வேலையை விட்டிருப்பேன்.

இன்னொன்று. பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. அதற்கு முன்பு நான் போனது ஞாபகம் இருக்கிறது. ராத்திரி பஸ் ஏறி, சேலத்திலிருந்து 340 கிலோமீட்டர், காலையில் சென்னை கிண்டியில் இறங்கி, பொதுக் கழிப்பிடத்தில் பல் விளக்கி, மதியம்வரை காத்திருந்து, பெரிய திரையில் நம் கண்ணெதிரே சீட் குறைவதைப் பார்த்து வயிறு கலங்கி, மூன்று நிமிஷத்தில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. இப்போது என் அக்கா மகள் வீட்டில் முறுக்கு தின்றுகொண்டே விருப்பப் பட்டியல் போட்டாள். எல்லாமே சுலபமாகிவிட்டது என்பதுதான் என் கட்சி. தீமை அணிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

---

மிளகுக்கொடி

மேசையோரம் தம்பி, உங்களுக்குச் சுலபம். நான் சேர்வராயன் மலையில் இருக்கிறேன். ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே. ஊர்ப்பேர் வேண்டாம். இதை எழுத வீட்டுக்கு மேலே இருக்கிற பாறைக்கு வந்திருக்கிறேன். மழை மூட்டம் போட்டால் பாறையிலும் கிடைக்காது.

எங்கள் ஊரில் இணையம் வந்ததால் என்ன ஆனது என்று கேட்டால், இணையம் வரவில்லை, இணையத்தில்தான் செய்ய வேண்டும் என்ற உத்தரவு மட்டும் வந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வைத்தார்கள். சிக்னல் இல்லாத நாளில் கடைக்காரர் மிஷினைக் கையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார், நாங்கள் பையோடு பின்னால் போவோம். கேலிக்குச் சொல்லவில்லை, மேட்டில் வரிசை நின்றிருக்கிறோம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஆப்பில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். வேலை செய்ததை மண் பார்த்திருக்கிறது, ஆள் பார்த்திருக்கிறது, படம் ஏறவில்லை. அப்புறம் அலைச்சல் யாருக்கு?

கொரோனாவில் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். தோட்ட வேலைக்குப் போகிற வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன். பிள்ளைகள் இந்தப் பாறைக்குத்தான் வந்தார்கள், மூன்று பேருக்கு ஒரு டச் போன். ஒருத்தி பார்ப்பாள், மற்ற இருவரும் கேட்பார்கள். 2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்து, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியே சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பிறகுதான் சிறுசுகளுக்கு எழுத்துக்கூட்டவே வந்தது.

காபி விஷயமும் எழுத வேண்டும். பேட்டரி இறங்குகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

---

சேலைக்காரி

எல்லாருக்கும் வணக்கமுங்க. இளம்பிள்ளை. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் ஏழு வருஷமாகப் போனில் சேலை விற்கிறேன். முதலில் ரீசெல்லர் குரூப்பில் படத்தை வாங்கி, நூறு ரூபாய் மேலே வைத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். இப்போது எனக்குக் கீழே அறுபது பெண்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் ஒருத்தி, துபாயில் ஒருத்தி. யாரையும் நேரில் பார்த்ததில்லை.

நான் பத்தாவது பெயில். கடைக்கு வேலைக்குப் போனால் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல்கூட இருக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? மாவு அரைத்துக்கொண்டே ஆர்டர் எடுத்தேன். என் பேரில் வங்கிக் கணக்கு, அதில் என் காசு. இதற்கு மேல் நன்மை அணிக்கு என்ன வேண்டும்?

தொல்லையும் உண்டு. படத்தில் ராமர் பச்சை, கையில் போனால் கிளிப்பச்சை என்று ஒரு சண்டை. வெயிலில் ஒரு படம், டியூப் லைட்டில் ஒரு படம் எடுத்துப் போட்டாலும் சண்டை. ஒருத்தர் சேலையைக் கட்டி, கல்யாணத்துக்குப் போய், மடிப்பில் குங்குமத்தோடு திருப்பி அனுப்பினார், 'டேமேஜ்' என்று. அதிலிருந்து எல்லாரும் போடுகிற அதே வரியை நானும் போடுகிறேன்: பார்சல் பிரிக்கும்போது வீடியோ கட்டாயம், வீடியோ இல்லை என்றால் ரிட்டன் இல்லை. இப்படி எழுத எனக்கே சங்கடம்தான். எங்கள் அம்மா சந்தையில் நெல்லிக்காயை முகம் பார்த்துக் கடன் கொடுத்தவர்.

---

கடைவீதித் தம்பி

அக்கா கோவித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன ஸ்டூல் இல்லாத கடையில் 22 வருஷம் நின்றவன் நான். எங்கள் கடையில் பதினான்கு பேர் இருந்தோம். இப்போது ஐந்து பேர். வருகிற வாடிக்கையாளரும் சேலையைத் தொட்டுப் பார்ப்பார், ஓரம் தடவிப் பார்ப்பார், 'அண்ணா ஒரு போட்டோ எடுத்துக்கறேன்' என்பார். வெளியே போய் அதே சேலையை உங்கள் மாதிரி ஒருவரிடம் 150 ரூபாய் குறைத்து வாங்குவார். கடை வாடகை, கரண்ட், ஏசி, என் சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 150.

இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டுக்காரருக்குத் தறிக்கூலி ஏறியதா?

---

சேலைக்காரி

ஏறவில்லைங்க தம்பி. ஒளிக்காமல் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு டிசைன் போட்டால் சாயங்காலமே பத்து பேர் யூடியூபில் 'உற்பத்தி விலைக்கே, தறியிலிருந்து நேரடியாக' என்று கத்துகிறார்கள். ஒருத்தர் 20 ரூபாய் குறைத்தால் எல்லாரும் குறைக்கணும். அந்த இருபதை நூல்காரன் தர மாட்டான், கூரியர்காரனும் தர மாட்டான். தறியில்தான் பிடிப்பார்கள். வீட்டில் நான் சம்பாதிக்கிறேன், அவர் கூலி அப்படியே நிற்கிறது. அதை வைத்து எங்களுக்குள் பேச்சு வந்ததும் உண்டு.

ஆனால் உங்கள் கடையில் பதினான்கு பேர் இருந்தபோது அதில் எத்தனை பேர் பெண்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், அதையும் சொல்லுங்கள்.

---

கடைவீதித் தம்பி

நாலு பேர். சம்பளம் எங்களில் பாதி. சரி, புரிகிறது.

---

பழைய வாத்தியார்

அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இணையம் கொடுத்த முதல் பரிசு புத்தகம். பழைய பதிப்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் லீவு போட்டுச் சென்னைக்குப் போய்க் கன்னிமாரா நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பேன். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. பல ஊர்களில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புலவர்கள் அல்லர், வேறு வேலை பார்த்தவர்கள். அப்புறம் 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய இதழைக்கூட எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. கண்புரை வந்தவனுக்கு அந்தப் பெரிதாக்கும் வசதி எத்தனை பெரியது என்று உங்களுக்கு இப்போது புரியாது.

குகைக்காரர் உண்மை நடந்ததைக் கேட்டார். அதனால் வெட்கத்தோடு இதையும் எழுதுகிறேன். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது நினைவிருக்கிறதா? எனக்கும் வந்தது. நானும் தெருக் குழுவுக்கு அனுப்பினேன். 'பெற்றோர் கவனத்திற்கு' என்று மேலே ஒரு வரி வேறு சேர்த்தேன். வாத்தியார் அனுப்பியது என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு நாள் கழித்துக் கம்பளி விற்க வந்த வடக்கத்திப் பையன் ஒருவனை எங்கள் தெரு முனையில் பத்து பேர் வளைத்துக்கொண்டார்கள். பால்காரம்மா ஒருவர் குறுக்கே விழுந்து 'இவன் போன வருஷமும் வந்தான்டா' என்று சத்தம் போட்டதால் தப்பித்தான். கம்பளி மூட்டை சாக்கடையில் கிடந்தது.

அதே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தில் ஒரு வயதான அம்மா, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் அந்த அம்மா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜூலையில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நான் எனக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன், எதையும் அனுப்புவதில்லை. காலை வணக்கம் ரோஜாப்பூகூட இல்லை.

---

வெள்ளிக்கம்பி

ஐயா, ஒப்புக்கொண்டு எழுதியதற்கு நன்றி. அதே பதிவை நானும் பட்டறைக் குழுவில் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். தேடிப் பார்க்கத் தைரியம் இல்லை.

---

மிளகுக்கொடி

பேட்டரி ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். காபி.

எனக்கு ஒன்றரை ஏக்கர், அரபிகா. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகு. பழம் சிவந்ததும் பறித்து, வண்டியோடு வருகிற வியாபாரியிடம் எடை போட்டு விடுவோம். என்ன விலை என்று அவர்தான் சொல்வார். இப்போது நியூயார்க் சந்தை விலை என் போனில் தெரிகிறது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு எடை (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) நாலு டாலரைத் தாண்டியது. என் மகன் கணக்குப் போட்டான். கிலோவுக்கு 8.80 டாலர், ரூபாயில் 760க்குப் பக்கம். அது காய்ந்து தோல் நீக்கிய கொட்டைக்கு. ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. அப்படியென்றால் பழம் கிலோ 125 வரவேண்டும். அதில் முக்கால்கூட வரவில்லை.

வியாபாரியிடம் போனைக் காட்டினேன். அவர் சிரித்தார். 'சரி, நியூயார்க்குக்கே கொண்டுபோய்ப் போடு' என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வண்டி, கூலி, சேதம் இருக்கிறது. என்னிடம் தோல் உரிக்கிற மிஷின் இல்லை, காயவைக்கக் களம் இல்லை, பறித்த பழத்தை ஒரு ராத்திரிக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். விலை தெரிந்து என்ன பண்ண? முன்பெல்லாம் ஏமாந்தது தெரியாமல் தூங்கினோம். இப்போது எவ்வளவு ஏமாந்தோம் என்று பைசாக் கணக்கோடு தெரிகிறது.

ஒன்று சேர்ந்து களம் போடலாம் என்று ஆறு குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது மகன் போட்ட கணக்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சனி ஞாயிறில் ரீல்ஸ் எடுக்க வருகிற கூட்டத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்றால் பிரசவத்துக்கு இறங்குகிற ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் ஒதுங்கும், அது மட்டும் என் கேள்வி.

---

மேசையோரம்

மலைக்காரர் அண்ணா சொன்னது உறைக்கிறது. ஆனால் இதெல்லாம் இணையத்தின் குறையா, இணையம் போய்ச் சேராததன் குறையா? டவர் போட்டால் தீர்ந்துவிடும் இல்லையா?

---

குகைக்காரன்

தம்பி, பதிலாக என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இதை வெளியே சொன்னதில்லை.

போன வருஷம் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மலையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல் கடைக்குள் நின்றது ஞாபகம் இருக்கிறது, ஆபீஸ் என்று நினைத்துவிட்டார். பெண் எல்லாச் சான்றிதழையும் ஜவுளிக்கடைப் பையில் இஸ்திரி போட்ட மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்டது. பள்ளியில் யாரோ போட்டுக் கொடுத்தது, இவளுக்குத் தெரியவில்லை. மாற்றலாம் என்றால் ஓடிபி வரும். எந்த எண்ணுக்கு? அம்மா எண்ணுக்கு. அம்மா எங்கே? மலையில், காட்டில் மிளகு பறித்துக்கொண்டு. போன் வீட்டில், பெட்டி மேலே. அங்கே சிக்னல் இல்லை.

மணி பகல் ஒன்று. ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவர் போய் அந்தப் போனை எடுத்து மேட்டுக்கு ஏறிச் சிக்னல் பிடித்துக் கூப்பிட வேண்டும், அப்போது நான் இங்கே பட்டனை அழுத்த வேண்டும், அவர் எண்களைப் படிக்க வேண்டும். ராக்கெட் விடுகிற மாதிரி. முதல் தடவை எண் வந்தது, அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரு பையனைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டாவது தடவை நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை 'பலமுறை முயன்றுவிட்டீர்கள், 24 மணி நேரம் கழித்து வரவும்' என்று திரை சொல்லிவிட்டது.

அந்தப் பெண் அழவில்லை. சான்றிதழ்களை மறுபடி அதே வரிசையில் அடுக்கினாள். அப்பா என்னிடம் 'எவ்வளவு ஆச்சுங்க' என்று கேட்டார்.

தம்பி, என் கடையில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, நொடியில் பறக்கும். டவர் இல்லாதது ஒரு பாதிதான். தாளில் எழுதி நேரில் கொடுக்கிற இன்னொரு வழியை எடுத்துவிட்டார்களே, அதுதான் மீதிப் பாதி. அந்தப் பெண்ணிடம் எல்லாச் சான்றிதழும் கையில் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இதில் எனக்கும் உறுத்தல் உண்டு. அந்த ஜன்னல் மூடியதால்தான் என் கடை ஓடுகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் வாங்குகிறேன். அன்றைக்கு வாங்கவில்லை. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

---

மேசையோரம்

இதற்குப் பதில் இல்லை அண்ணா.

நானும் ஒன்றை மறைத்துத்தான் முதல் பதிவை எழுதினேன். போன மார்கழியில் அம்மா ஒரு வீடியோ காலில் மூன்று மணி நேரம் உட்கார வைக்கப்பட்டார். போலீஸ் உடை, பின்னால் ஸ்டேஷன் மாதிரி சுவர். 'உங்கள் பேரில் வந்த பார்சலில் போதை மருந்து, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட், கதவைத் திறக்காதீர்கள், மகனிடம் சொல்லாதீர்கள்.' நான் பக்கத்து அறையில் ஹெட்போன் போட்டு மீட்டிங்கில் இருந்தேன். ஒரு சுவர்தான் நடுவில். 40,000 போய்விட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அன்றே அடித்ததால் ஒரு பகுதியை வங்கியில் நிறுத்திவைத்தார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. காசு போனதைவிட, அம்மா இன்னும் போன் அடித்தால் திடுக்கிடுவதுதான் கஷ்டம்.

---

பேர் வேண்டாம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் எழுதுகிறேன்.

ரம்மி. ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முதலில் 50 ரூபாய் போனஸ் கொடுத்தார்கள், 800 ஜெயித்தேன். அப்புறம் இரண்டு வருஷத்தில் மனைவியின் ஆறு பவுன், சொசைட்டி லோன், மச்சானிடம் வாங்கிய ஒன்றரை லட்சம். கழிவறையில் உட்கார்ந்து ஆடுவேன். மகள் கதவைத் தட்டுவாள், 'வரேன் சாமி' என்பேன், கார்டை இறக்குவேன். தாயக்கட்டை, சீட்டு எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் ஆட நாலு பேர் வேண்டும், அதில் ஒருத்தனாவது 'போதும்டா எழுந்திரு' என்பான்.

ஊருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

---

குமாஸ்தா

பேர் வேண்டாம் நண்பருக்கு: எழுதியதே பெரிய விஷயம். வக்கீல் ஆபீசில் இருப்பதால் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். தமிழக அரசு 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது, அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றின் தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. பெரிய ஆப்கள் மூடின. இப்போது டெலிகிராமில் வெளிநாட்டு லிங்க் வரும், அதைத் தொடாதீர்கள். அதில் போட்ட காசுக்கு எந்தக் கோர்ட்டிலும் வழி கிடையாது. மனசு சரியில்லாத ராத்திரியில் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

---

பேர் வேண்டாம்

லிங்க் வந்தது. போன வாரம்கூட. தொடவில்லை. நன்றி.

---

நிர்வாகி

இந்த நண்பருக்குத் தனிச்செய்தியில் அறிவுரை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். கடன் தருகிறேன் என்று அனுப்பிய இரண்டு கணக்குகள் நீக்கப்பட்டன.

---

சேலைக்காரி

குகைக்கார அண்ணா, பட்டிமன்றம் என்ன ஆச்சு? தீர்ப்பு என்ன சொன்னீங்க?

---

குகைக்காரன்

தீர்ப்பே சொல்லவில்லை அம்மா. ஆரம்பிக்கவே எட்டே கால் ஆகிவிட்டது. கவுன்சிலர் பேசினார், அவரை அழைத்து வந்தவர் பேசினார். பிள்ளைகள் கத்தியை எடுத்தார்கள், பழத்தை நறுக்கினார்கள். நான் நடுவில் புகுந்து கத்தி வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். நன்மை அணியில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எங்க அப்பா திருப்பூர்ல இருக்கார், தினமும் ராத்திரி வீடியோ கால்ல எனக்குக் கணக்கு சொல்லித் தருவார். எங்க அம்மாகிட்ட மட்டும் பேச மாட்டார்' என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து போனார்.

நான் பேச மைக்கைப் பிடித்தபோது மணி பத்து. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார், ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி. எனக்கு நிம்மதி. மேடையை விட்டு இறங்கித் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வண்டி வேடிக்கையைப் பையன்கள் யூடியூபில் நேரலை போட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி போன் போட்டு, 'முருகர் வேஷத்துக்கு மீசை ஒட்டியிருக்காங்களேடா' என்றான். நேரில் நின்ற நான் கவனிக்கவில்லை.

---

மிளகுக்கொடி

அண்ணா, அந்த ஓடிபி கதையில் வந்த ஆட்கள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்தான். பெண் இந்த வருஷம் மறுபடி போடுகிறாள். வருமானச் சான்று வாங்கியாகிவிட்டது. வியாழக்கிழமை நானே அழைத்து வருகிறேன். அம்மாவின் போனைக் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

---

குகைக்காரன்

அம்மாவையே கூட்டி வாருங்கள். போனுக்குச் சார்ஜர் மறக்க வேண்டாம், என்னிடம் அந்தப் பழைய பின் இல்லை. எட்டரைக்கே கடை திறந்து வைக்கிறேன்.